தபால், காசு, பேச்சு: பிரிட்டன்காரர்கள் ஏன் புலம்புகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே படிக்க வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், பிள்ளைகளோடு நாலு மாதம் இருந்துவிட்டுப் போக வந்த அப்பா அம்மாக்கள் என்று எல்லோருமே ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்விகள் இவை. வானிலையை விட்டால் பிரிட்டனில் வயதானவர்கள் அலுத்துக்கொள்வது பெரும்பாலும் மூன்று விஷயங்களைப் பற்றித்தான்: தபால் முன்பு மாதிரி வருவதில்லை, காசு முன்பு மாதிரி இல்லை, யாரும் ஒழுங்காக இங்கிலீஷ் பேசுவதில்லை. என் கணக்கில் தபால் புலம்பலில் முக்கால்வாசி நியாயம் இருக்கிறது, காசுப் புலம்பலில் பாதி, மொழிப் புலம்பலில் கால்வாசி தேறினால் அதிகம். ஏன் என்று கீழே பாருங்கள்.

இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள்? தபாலுக்கு இவ்வளவு கூப்பாடு எதற்கு?

யாரும் எழுதுவதில்லைதான். 2004-05 வாக்கில் ராயல் மெயில் ஆண்டுக்கு 2,000 கோடி கடிதங்கள் கொண்டுபோய்ச் சேர்த்தது, இப்போது அது 700 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் மிச்சமிருக்கும் கடிதங்கள் எவை என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குக் குறித்துக் கொடுத்த தேதி, வங்கி அட்டையும் அதன் ரகசிய எண்ணும், ஓட்டுநர் உரிமம், கவுன்சில் வரிச் சீட்டு, தபால் ஓட்டு. நலமா என்று கேட்கிற கடிதம் ஒரு வாரம் தாமதமானால் ஒன்றும் ஆகாது, ஆனால் ஸ்கேனுக்கு வரச் சொன்ன கடிதம் அந்தத் தேதி போன பிறகு வந்து விழுந்தால் நீங்கள் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான், அதுவும் ‘வராமல் போனவர்’ என்ற பெயரோடு.

இன்னொன்று, தபால் விஷயத்தில் இவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. 1840இல் தபால் சீர்திருத்தக்காரர் ரோலண்ட் ஹில் யோசனைப்படி ஒரே கட்டணம் வந்தது: அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரு பென்னி, பக்கத்துத் தெருவானாலும் ஸ்காட்லாந்தின் கடைசித் தீவானாலும் அதே பென்னி, அனுப்புகிறவர் முன்கூட்டியே கட்டிவிட்டால். அதற்கு முன்னால் தூரத்தைப் பொறுத்துக் கட்டணம், பெரும்பாலும் கடிதத்தை வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும். உலகின் முதல் தபால் தலையும் அப்போதுதான் வந்தது, அதனால்தான் இன்றைக்கும் பிரிட்டன் தபால் தலையில் நாட்டின் பெயரே இருக்காது, ராஜா தலை மட்டும் இருக்கும். விக்டோரியா காலத்து லண்டனில் சில பகுதிகளுக்கு ஒரே நாளில் பத்துத் தடவைக்கு மேல் தபால் வந்திருக்கிறது; காலையில் எழுதிப் போட்டு மத்தியானம் பதில் வாங்கி, சாயங்காலம் அதற்கும் பதில் போடலாம். இரண்டாம் வேளை தபால் 2004இல்தான் நின்றது. அதைப் பார்த்து வளர்ந்தவரிடம் போய், இனி இரண்டாம் வகுப்புத் தபால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், சனிக்கிழமை கிடையவே கிடையாது என்று சொன்னால் (2025 ஜூலை 28 முதல் விதி அதைத்தான் அனுமதிக்கிறது) சும்மா இருப்பாரா?

முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்றால் என்ன? எதை வாங்குவது?

1968 செப்டம்பரில் வந்த ஏற்பாடு இது. முதல் வகுப்பு அடுத்த நாள் போய்ச் சேர வேண்டும், இரண்டாம் வகுப்பு மூன்று வேலை நாட்களுக்குள். ‘வேண்டும்’ என்பதைக் கவனியுங்கள். 2024-25இல் முதல் வகுப்புக் கடிதங்களில் சுமார் 77 சதவீதம்தான் சொன்ன நேரத்துக்குப் போயிருக்கின்றன, இலக்கோ 93 சதவீதம். அதற்காகத் தொலைத்தொடர்பு, தபால் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 2.1 கோடி பவுண்ட் அபராதம் போட்டது. அதே ஆஃப்காம்தான் இலக்கையும் 93இலிருந்து 90ஆகக் குறைத்துக் கொடுத்தது. பாஸ் மார்க் எடுக்காத பையனுக்குப் பாஸ் மார்க்கையே குறைத்த கதை.

2025 ஏப்ரலில் முதல் வகுப்பு 1.70 பவுண்ட், இரண்டாம் வகுப்பு 87 பென்ஸ் என்று இருந்தது. பிறந்தநாள் வாழ்த்து என்றால் ஒரு வாரம் முன்னாடியே இரண்டாம் வகுப்பில் போட்டுவிடுங்கள், பாதி விலைதான். அவசரமான, தொலைந்தால் வம்பாகிற சமாச்சாரம் என்றால் இந்த இரண்டுமே வேண்டாம், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் சேவைக்குப் போங்கள்.

விலை ஏன் இப்படி ஏறியது?

2011இல் முதல் வகுப்பு 46 பென்ஸ். 2012இல் ஒரே தாவலில் 60. அதற்கு அடுத்த வருடம் ராயல் மெயிலைத் தனியாருக்கு விற்றார்கள், பங்கு ஒன்று 330 பென்ஸ். விற்ற முதல் நாளே பங்கு விலை எகிறியதால், அரசாங்கம் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டது என்று அப்போதே பெரிய ரகளை. 2025இல் செக் நாட்டுக் கோடீஸ்வரர் டேனியல் கிரெட்டின்ஸ்கியின் நிறுவனம் மொத்தத்தையும் வாங்கிவிட்டது. ஹென்றி ராஜா காலத்தில், 1516இல் தொடங்கிய சேவை இப்போது வெளிநாட்டுக்காரர் கையில்.

இதில் எல்லாப் பழியையும் தனியார்மயத்தின் தலையில் கட்ட முடியாது. கடிதம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் தபால்காரர் அதே மூன்று கோடிச் சொச்சம் முகவரிகளுக்கும் நடந்தாக வேண்டும், செலவு அப்படியேதான் இருக்கும். ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டாம் வகுப்பு விலைக்கு ஆஃப்காம் உச்சவரம்பு வைத்திருக்கிறது, முதல் வகுப்புக்கு அது கிடையாது. ஏற்றமெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்று புரிகிறதல்லவா? விலையை மூன்று மடங்குக்கு மேல் ஏற்றி, நாளையும் குறைத்தால் புலம்பத்தான் செய்வார்கள்.

வீட்டில் பழைய தபால் தலைகள் இருக்கின்றன. செல்லாதா?

பார்கோடு இல்லாத, ராணி தலை மட்டும் உள்ள சாதாரணத் தபால் தலைகள் 2023 ஜனவரி 31க்குப் பிறகு செல்லாது (ஜூலை கடைசி வரை சலுகை கொடுத்துப் பார்த்தார்கள்). படம் போட்ட சிறப்புத் தபால் தலைகளும் கிறிஸ்துமஸ் தபால் தலைகளும் பார்கோடு இல்லாவிட்டாலும் செல்லும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல தலைகளைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

இதில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. விலை ஏறுவதற்கு முன்னால் புத்தகம் புத்தகமாக வாங்கிச் சமையலறை இழுப்பறையில், பழைய பேட்டரிகளுக்கும் நூல்கண்டுக்கும் நடுவில், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். தலையில் விலைக்குப் பதிலாக ‘முதல் வகுப்பு’ என்றுதானே போட்டிருக்கிறது, அதனால் எப்போது ஒட்டினாலும் செல்லும் என்பதுதான் பேச்சு. 1989 முதல் அப்படித்தான் விற்றார்கள். அப்புறம் ஒரு நாள், இதெல்லாம் செல்லாது, படிவம் நிரப்பி எங்களுக்கு அனுப்பு, புதுசு தருகிறோம் என்றார்கள். மாற்றித் தருகிறார்கள், காசு கேட்பதில்லை, அதுவரை சரி. அவர் கேட்பது, “நான் காசு கொடுத்து வாங்கினதுக்கு நான் ஏன் படிவம் நிரப்பணும்?” பதில் என்னிடம் இல்லை.

போஸ்ட் ஆபிஸ் வேறு, ராயல் மெயில் வேறா?

வேறுதான், 2012இலிருந்து. போஸ்ட் ஆபிஸ் என்பது கவுன்டர். அது இன்னமும் அரசாங்கத்துடையது. ராயல் மெயில் என்பது கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், அது தனியார். கடிதம் வரவில்லை என்று கவுன்டரில் போய்ச் சண்டை போட்டுப் பிரயோசனமில்லை, அங்கே இருக்கிறவர் பெரும்பாலும் கடையோடு சேர்த்துக் கமிஷனுக்கு நடத்துகிறவர். லண்டன் பக்கம் நம் ஆட்கள், குஜராத்திகள், பஞ்சாபிகள் எத்தனையோ பேர் மளிகைக் கடையின் மூலையில் ஒரு கண்ணாடிக் கூண்டு வைத்து இதை நடத்துகிறார்கள்.

அப்படி நடத்தியவர்களைத்தான் ஹொரைசன் கணினி மாட்டிவிட்டது. 1999க்குப் பிறகு ஃபுஜிட்சு நிறுவனத்தின் அந்த மென்பொருள் காட்டிய பொய்க் குறைவை நம்பி, பணத்தைத் திருடினாய் என்று 900க்கும் மேற்பட்டோருக்குத் தண்டனை கிடைத்தது. பெரும்பாலான வழக்குகளைப் போட்டது போஸ்ட் ஆபிஸே. வீட்டை விற்றார்கள், ஜெயிலுக்குப் போனார்கள், ஊரில் தலை காட்ட முடியாமல் இடம் மாறினார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் தபாலக நடத்துநர் விடாமல் போராடினார், 2019இல் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழை உண்டு என்று சொன்னது, 2024இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது. ஆகவே கவுன்டர் முன்னால் நின்று கத்துவதற்கு முன் ஒரு நிமிஷம் அவரையும் யோசித்துப் பாருங்கள்.

நடுவில் 2001இல் இந்த மொத்த நிறுவனத்துக்கும் ‘கன்சிக்னியா’ என்று புதுப் பெயர் வைத்துப் பார்த்தார்கள். ஏதோ மருந்துப் பெயர் மாதிரி இருக்கிறது என்று நாடே சிரித்தது. அடுத்த வருடமே தூக்கி எறிந்துவிட்டு ராயல் மெயிலுக்கே திரும்பிவிட்டார்கள். புலம்பலுக்குக் கிடைத்த முழு வெற்றி அது ஒன்றுதான்.

நான் வீட்டில்தான் இருந்தேன், ஆனால் ‘நீங்கள் இல்லை’ என்று அட்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே?

எல்லோருக்கும் நடக்கிறது. கூரியர்காரர்கள் இன்னும் மோசம். பார்சலைக் குப்பைத் தொட்டிக்குள் வைத்து அதைப் படமும் எடுத்து அனுப்பி, பத்திரமான இடத்தில் வைத்துவிட்டோம் என்பார்கள், அன்றைக்குக் குப்பை வண்டி வருகிற நாளாக இருக்கும். ராயல் மெயில் என்றால் பார்சல் சில நாள் டிப்போவில் இருக்கும், அட்டையும் அடையாளச் சான்றும் கொண்டுபோனால் வாங்கலாம், அல்லது மறுபடி கொண்டுவரச் சொல்லலாம், கட்டணம் இல்லை. நீங்கள் அனுப்புகிறவராக இருந்தால் கவுன்டரில் அனுப்பியதற்கான சான்றுச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இலவசம். அது இல்லாமல் நஷ்டஈடு கேட்டால் நடக்காது.

நடைபாதையெங்கும் சிவப்பு ரப்பர் பேண்ட் கிடக்கிறதே?

தபால்காரர்கள் கட்டைப் பிரித்துவிட்டுப் போடுவது. இதற்கும் பத்திரிகைகளுக்குப் புகார்க் கடிதம் எழுதுகிறவர்கள் உண்டு. நான் பொறுக்கி வைத்துக்கொள்வேன், நல்ல தரம்.

தபால் பெட்டியில் இருக்கும் எழுத்துகள் என்ன?

பெட்டியை வைத்த காலத்து ராஜா அல்லது ராணியின் முத்திரை. அதிலும் சண்டை நடந்திருக்கிறது. எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்ததும் எடின்பரோவில் ‘இரண்டாம் எலிசபெத்’ முத்திரையோடு ஒரு பெட்டி வைத்தார்கள். எங்கள் நாட்டுக்கு முதலாம் எலிசபெத்தே கிடையாது, இரண்டாவது எங்கிருந்து வந்தாள் என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் கொதித்தார்கள், 1953 பிப்ரவரியில் அந்தப் பெட்டியையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதிலிருந்து ஸ்காட்லாந்தில் வைக்கும் பெட்டிகளில் அந்த முத்திரைக்குப் பதிலாக ஸ்காட்லாந்துக் கிரீடம்தான்.

சரி, காசுக்கு வருவோம். ஷில்லிங், ஷில்லிங் என்று எழுபது வயதுக்காரர்கள் ஏன் உருகுகிறார்கள்?

1971 பிப்ரவரி 15 வரை ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக 240 பென்ஸ். ஷில்லிங்கும் ஒன்பது பென்ஸும் விலையுள்ள சாமான் ஏழு வாங்கினால் எவ்வளவு என்று கடைப் பையன் மனக்கணக்கில் சொல்வான்: 12 ஷில்லிங், 3 பென்ஸ். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று கணக்குப் போட்ட நம் தாத்தாக்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. இந்தியா 1957 ஏப்ரலிலேயே நயா பைசாவுக்கு மாறிவிட்டது, இலங்கையில் 1872இலேயே ரூபாய்க்கு நூறு சதம் வந்துவிட்டது, அதுவும் இவர்கள் ஆட்சியில். தான் ஆண்ட ஊரில் செய்ததைத் தன் வீட்டில் செய்ய இவர்களுக்கு இன்னொரு நூறு வருடம் ஆகியிருக்கிறது.

அப்போது விலையை ஏற்றிவிட்டார்கள் என்பது உண்மையா?

கொஞ்சம் உண்மை. ஒரு புதுப் பென்னிக்கு 2.4 பழைய பென்னி. ஒரு பழைய பென்னி விலையுள்ள மிட்டாயை மிகக் குறைந்த நாணயமான அரைப் புதுப் பென்னிக்கு விற்றாலே 20 சதவீதம் ஏறிவிடும். சில்லறைச் சாமான்களில் கடைக்காரர்கள் மேலே தள்ளிவிட்டார்கள் என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்தது. ஆனால் எழுபதுகளில் நடந்த பெரிய விலையேற்றம், 1975இல் 24 சதவீதத்துக்கு மேல் போனது, எண்ணெய் விலையாலும் கூலி விலைப் போட்டியாலும் வந்தது. பெரியவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிப் புதுக்காசின் தலையில் போடுகிறார்கள்.

நோட்டை ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள்?

கள்ளநோட்டுதான் முதல் காரணம். 2016இல் ஐந்து பவுண்ட் பிளாஸ்டிக் நோட்டு வந்தது, 2021க்குள் ஐம்பது வரை எல்லாம் மாறிவிட்டது, 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு காகித இருபதும் ஐம்பதும் கடையில் செல்லாது. நடுவில் அந்தப் பிளாஸ்டிக்கில் மாட்டுக் கொழுப்பின் தடயம் இருப்பது தெரியவந்து, சைவக்காரர்களும் இந்து அமைப்புகளும் எதிர்த்தார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். 2017இல் இங்கிலாந்து வங்கி, மாற்றப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. சார்லஸ் ராஜா படம் போட்ட நோட்டு 2024 ஜூனிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, ராணி படம் போட்ட பிளாஸ்டிக் நோட்டும் செல்லும்.

ஸ்காட்லாந்து நோட்டை லண்டன் கடையில் வாங்க மாட்டேன் என்கிறார்கள். கள்ளநோட்டா?

நல்ல நோட்டுதான். ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள் சொந்தமாக நோட்டு அடிக்கின்றன. அதற்கு ஈடாக இங்கிலாந்து வங்கியின் பெட்டகத்தில் பத்து லட்சம் பவுண்ட் நோட்டும் பத்துக் கோடி பவுண்ட் நோட்டும் (ஒரே நோட்டு!) வைத்திருக்கிறார்கள். கடைக்காரருக்குப் பழக்கமில்லை, அதனால் பயம், அவ்வளவுதான். சட்டப்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. வங்கியில் கட்டிவிடுங்கள்.

கடையில் ‘கார்டு மட்டும்’ என்கிறார்கள், அது சட்டப்படி சரியா?

சரிதான். எந்தப் பணத்தை வாங்குவது என்பது கடைக்காரர் இஷ்டம். இந்தப் புலம்பலைத்தான் காசு விஷயத்தில் நான் நியாயம் என்கிறேன். வாரக் காசை மளிகைக்கு இவ்வளவு, கரண்ட் மீட்டருக்கு இவ்வளவு என்று உறையில் பிரித்துப்போட்டுக் காலம் தள்ளுகிறவருக்கு, தட்டினால் பணம் போகிற அட்டை ஒரு வசதியே இல்லை. வங்கிக் கிளைகள் வரிசையாக மூடுகின்றன, கடைசியில் காசு கட்ட அதே போஸ்ட் ஆபிஸ் கூண்டுதான். பெரும்பாலான வங்கிகளுக்கு அங்கே கட்டலாம், எடுக்கலாம்.

மைல், பைன்ட் எல்லாம் இன்னும் இருக்கிறதே?

சாலையில் மைல், பியருக்குப் பைன்ட் என்று சிலது தப்பின. சில்லறையில் நிறுத்து விற்கும் காய்கறிக்கு 2000 முதல் கிலோ கட்டாயம். சன்டர்லாண்டில் வாழைப்பழத்தைக் கிலோவுக்குப் பதிலாகப் பவுண்ட் எடைக் கணக்கில் விற்ற ஸ்டீவ் தோபர்ன் 2001இல் தண்டனை வாங்கினார், தியாகி ஆகிவிட்டார். ஐரோப்பா திணித்தது என்பார்கள், 1965இல் மெட்ரிக்குக்கு மாறத் தீர்மானித்தது பிரிட்டன் அரசாங்கமேதான்.

இங்கிலீஷ் கெட்டுப்போய்விட்டதா?

1712லேயே கெட்டுப்போய்விட்டது என்று எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிவிட்டார், வார்த்தைகளை வெட்டிச் சுருக்குகிறார்கள் என்று. அப்போதிருந்து ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தோடு இங்கிலீஷ் முடிந்துவிட்டது என்றே நினைக்கிறது. இப்போதைய குற்றவாளி அமெரிக்கா. காபிக் கடையில் இளசுகள் ‘கேன் ஐ கெட்’ என்று கேட்டால் பின்னால் நிற்கும் அம்மையாரின் முகம் சுருங்கும். ஆனால் அமெரிக்க இறக்குமதி என்று திட்டப்படுவதில் பாதி இங்கிருந்து போனது. ‘சாக்கர்’ என்பது கால்பந்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வைத்த செல்லப் பெயர், ‘ரியலைஸ்’ மாதிரி வார்த்தைகளில் ‘எஸ்’ஸுக்குப் பதிலாக ‘இஸட்’ போட்டு எழுதுவதை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே ஏற்கிறது.

கால்வாசி நியாயம் என்றேனே, அது ரயிலில் இருக்கிறது. பயணிகளை ‘வாடிக்கையாளர்களே’ என்று கூப்பிடுவதும், 2016 முதல் ஒவ்வொரு நிலையத்துக்கும் நடுவில் ‘சீ இட், சே இட், சார்ட்டட்’ (சந்தேகமாக எதையாவது பார்த்தால் சொல்லுங்கள்) என்று அறிவித்துக் காதைக் குடைவதும் யாரையும் எரிச்சல்படுத்தும். இலக்கணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தொல்லை தொல்லைதான்.

‘இந்த பஸ்ஸில் யாருமே இங்கிலீஷ் பேசவில்லை’ என்று என் காதுபட முணுமுணுக்கிறார்கள். என்ன செய்வது?

இங்கே புலம்பலுக்கும் வெறுப்புக்கும் நடுவில் கோடு ஒன்று இருக்கிறது, அது எங்கே என்று உங்களுக்கே தெரியும். கணக்கு வேண்டுமென்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.1 சதவீதம் பேருக்கு ஆங்கிலம் (வேல்ஸில் ஆங்கிலம் அல்லது வெல்ஷ்) முதன்மை மொழி. சுத்தமாக இங்கிலீஷ் வராதவர்கள் 0.3 சதவீதம். அம்மாவோடு போனில் தமிழில் பேசுகிறவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அர்த்தமில்லை. நான் பேச்சை நிறுத்துவதில்லை, குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்துவேன், அதுவும் பஸ்ஸுக்காக. மிரட்டல் தொனி வந்தால் ஓட்டுநரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் போலீஸுக்கு.

ஊரில் அம்மாவின் பீரோவில் பழைய காகிதப் பவுண்ட் நோட்டுகள் இருக்கின்றன. பிரயோசனம் உண்டா?

உண்டு. இங்கிலாந்து வங்கி தான் அடித்த எந்தப் பழைய நோட்டுக்கும் எப்போதும் மதிப்புக் கொடுக்கும், 1988இல் நிறுத்திய ஒரு பவுண்ட் நோட்டுக்கும் சேர்த்து. நாணயங்களை அது வாங்காது; 2017இல் செல்லாமல் போன பழைய வட்டப் பவுண்ட் என்றால் இங்கே கணக்கு வைத்திருக்கும் வங்கியில் கட்டிப் பாருங்கள். நோட்டை லண்டன் த்ரெட்நீடில் தெருவில் நேரில் மாற்றலாம், அல்லது படிவமும் அடையாளச் சான்று நகலும் வைத்துத் தபாலில் அனுப்பலாம். தபாலில் தொலைந்தால் பொறுப்பு அனுப்புகிறவருடையது. மேலே தபாலைப் பற்றி எழுதியதையெல்லாம் படித்துவிட்டீர்கள், அதனால் அடுத்த தடவை ஊருக்குப் போய்வருகிறவர் யாராவது இருந்தால் அவர் கையில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.